கீமோ நடக்கும் பிள்ளையின் பற்களை எப்போது தொடலாம்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நான்கு வயது மகளுக்கு அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை நடக்கிறது. தீவிரமான கட்டங்கள் முடிந்து, வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டம் இப்போது தொடங்கியிருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பால் பற்களில் இரண்டு சொத்தையாகியுள்ளன. அவற்றில் ஒன்று இரவில் வலித்து எழுப்புகிறது. ஒரு பல் மருத்துவர் "கேன்சர் பிள்ளை, நான் தொட மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் "பால் பல்தானே, இன்றைக்கே பிடுங்கிவிடலாம்" என்றார். யார் சொல்வதைக் கேட்பது, பின்னால் முளைக்க வேண்டிய பற்கள் ஒழுங்காக முளைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த இருவருமே இரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் சொன்ன இரண்டு பதில்களும் ஏற்கத்தக்கவை அல்ல. புற்றுநோய் இருப்பதால் பல்லைத் தொடக் கூடாது என்று எந்த மருத்துவ விதியும் கிடையாது. இரத்த அணுக்களின் எண்ணிக்கையை, அதாவது கவுண்ட்டை, பார்க்காமல் பல்லைப் பிடுங்குவதோ உண்மையிலேயே ஆபத்தானது. சொத்தையைத் தள்ளிப்போடுவதும் அவசரப்பட்டுக் கை வைப்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: நோயை எதிர்க்கும் அணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் வாயிலிருந்து புறப்பட்ட கிருமி இரத்தத்தில் கலந்துவிடும்.

கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, கிருமியை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. பல ஆய்வகங்கள் இதைத் தனியாக அச்சிடுவதில்லை. மொத்த வெள்ளணுக்களையும் அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்பதையும்தான் தருகின்றன. இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். மொத்தம் 2,400, நியூட்ரோஃபில் 35 சதவீதம் என்றால் 840 வருகிறது. ஆயிரத்துக்குக் கீழே இருக்கும்போது, அவசரமில்லாத எந்தப் பல் வேலையையும் ஒத்திப்போடுவதே உலகெங்கும் உள்ள குழந்தைப் பல் மருத்துவர்களின் வழக்கம். இன்னொன்று, இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட். நம் ஊர் ஆய்வகங்கள் இதை லட்சத்தில் எழுதுவதால் '0.65' என்றிருந்தால் 65,000 என்று படிக்க வேண்டும். நாற்பதாயிரத்துக்குக் குறைந்தால் பல்லைப் பிடுங்குவதில்லை. எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தனி ஏற்பாடு தேவைப்படாது. இடைப்பட்ட நிலையில் பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் தீர்மானிப்பார். பிளேட்லெட் குறைவாக இருக்கையில், கீழ்த்தாடை முழுவதையும் மரக்கச் செய்யும் ஆழமான ஊசியைப் போட்டால் உள்ளேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம் என்பதால் அதையும் தவிர்ப்போம்.

இவ்விடத்தில் பல பெற்றோருக்கும், சில பல் மருத்துவர்களுக்கும் கூட, ஒரு குழப்பம் வருகிறது. "கவுண்ட் நன்றாக ஏறட்டும், பிறகு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பராமரிப்புக் கட்டத்தில் கவுண்ட் அப்படி ஏறாது. ஏற விடவும் மாட்டார்கள். தினமும் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையின் அளவையும் வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டின் அளவையும் கூட்டிக் குறைத்து, நியூட்ரோஃபிலைத் தாழ்ந்த நிலையில், பல நெறிமுறைகளில் ஏறத்தாழ 500க்கும் 1,500க்கும் நடுவில், வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதுதான் அந்தச் சிகிச்சையின் நோக்கம். சிகிச்சை மொத்தமாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். ஆகவே 2,000 ஆகட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பால் பல் சீழ் பிடித்துத் தாடை வீங்கும் நாள்தான் முதலில் வரும். கவுண்ட் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும் வாரத்தைப் புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டு, அந்த வாரத்திற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். நியூட்ரோஃபில் பொதுவாக ஊசி மருந்து போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை மிகவும் இறங்கியிருக்கும். அடுத்த மருந்துச் சுற்று தொடங்குவதற்குச் சற்று முந்தைய நாட்களே பெரும்பாலும் ஏற்றவையாக இருக்கும். மூன்று மாதத்திற்கொருமுறை மயக்கம் கொடுத்து முதுகுத்தண்டில் மருந்து செலுத்துகிறார்கள் என்றால், அதே மயக்கத்தில் பல்லையும் கவனித்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நாகர்கோவில் வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ அவ்வளவு தூரம் போய்வரும் பிள்ளைக்கு ஒரு மயக்கம் மிச்சமாவது சின்ன உதவியல்ல.

இரவு வலியைப் பற்றி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே பல்லைத் தொட வேண்டும். வின்கிரிஸ்டின் என்னும் மருந்து நரம்பைத் தொடுவது. அது தாடையில், அதுவும் கீழ்க் கடைவாய்ப் பக்கத்தில், அசல் பல்வலியைப் போலவே வலியை உண்டாக்கும். ஊசி போட்ட சில நாட்களில் தொடங்கும்; பல சமயம் இரண்டு பக்கமும் இருக்கும்; எக்ஸ்ரேயில் பல் சுத்தமாகத் தெரியும்; சில நாட்களில் தானே அடங்கும். "பல்லு வலிக்கி" என்று பிள்ளை அழுததை வைத்து ஒன்றுமில்லாத பல்லைப் பிடுங்கிவிட்டு, அடுத்த வாரம் பக்கத்துப் பல்லும் வலிப்பதாகச் சொல்லி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாட்காட்டியில் ஊசி போட்ட நாளையும் வலித்த நாளையும் குறித்து வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டால் குத்துகிறது, குழி விழுந்த அதே பல்லை விரலால் காட்டுகிறாள், ஊசிக்கும் வலிக்கும் நாள் கணக்கில் தொடர்பில்லை என்றால் அது சொத்தையின் வலிதான்.

இந்தக் குழந்தையின் விஷயத்தில், வலிக்காத பல்லின் சொத்தை மேலாக இருந்தால் அதைக் குடைந்து துன்புறுத்த வேண்டியதில்லை. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்னும் திரவத்தை ஒரு துளி தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஊசி இல்லை, இரத்தம் இல்லை. அந்த இடம் கறுத்துப்போகும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வாயில் புண் இருக்கும் நாட்களில் அதைத் தடவக் கூடாது. பிறகு கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைத்துவிடலாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலிக்கும் பல்லின் கதை வேறு. அங்கே சொத்தை உள்ளே இருக்கும் நரம்பு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். நலமான ஒரு பிள்ளைக்கு அந்த நிலையில் பால் பல்லின் நரம்பைச் சுத்தம் செய்து, ஸ்டீல் தொப்பி மாட்டி, பல்லைக் காப்பாற்றித் தருவோம். எதிர்ப்புசக்தி குறைந்த பிள்ளைக்கு அப்படிச் செய்தால் உள்ளே மிச்சமிருக்கும் கிருமி ஆறு மாதம் கழித்துக் கிளம்பலாம். அப்போது கவுண்ட் எப்படி இருக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஆகவே கவுண்ட் ஏற்ற நிலையில் இருக்கும் நாளாகப் பார்த்து அந்தப் பல்லை எடுத்துவிடுவதையே நான் விரும்புவேன். இரண்டாவது பல் மருத்துவர் சொன்னதும் அதைத்தானே என்று கேட்கலாம். "இன்றைக்கே" என்ற சொல்லில்தான் தவறு. பல் எடுத்த இடம் சுருங்காமல் காக்கும் கம்பியை உடனே மாட்ட வேண்டாம். ஈறில் உரசும் எதுவும் இப்போது வாயில் இருக்கக் கூடாது.

கவுண்ட் இறங்கியிருக்கும் பிள்ளைக்குப் பல்லில் கிருமி தொற்றினால் வழக்கமான அடையாளங்கள் தெரியாமல் போகலாம் என்பதைப் பெற்றோர் அழுத்தமாக நினைவில் கொள்ள வேண்டும். சீழ் என்பதே பெரும்பகுதி இறந்த நியூட்ரோஃபில்களின் குவியல். அந்த அணுக்களே இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, கன்னம் பெரிதாக வீங்காது, ஈறு சிவந்துகூடக் காட்டாது. வலியும் காய்ச்சலும் மட்டுமே மிஞ்சும். வீக்கம் இல்லையே என்று பல் மருத்துவரும் ஆறுதல் சொல்லிவிடக் கூடும். வெப்பமானியில் ஒருமுறை 101 ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய நேரம். திருவனந்தபுரம் வரை போக நேரமிருக்காது; உங்கள் புற்றுநோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து, "கீமோ பிள்ளை, காய்ச்சல்" என்று நுழைவாயிலிலேயே சொல்லுங்கள்.

வலிக்கு என்ன கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மருந்துக் கடையில் பல்வலி என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் ஐபுபுரொஃபென் வகை மாத்திரைகள் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுப்பதோடு, மெத்தோட்ரெக்சேட் உடம்பிலிருந்து வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளுக்கும் அந்தப் பின்குணம் உண்டு. பாரசிட்டமால் பாதுகாப்பானதுதான், ஆனால் காய்ச்சலை மறைத்துவிடும். ஆகவே முதலில் வெப்பம் பார்த்துக் குறித்துக்கொண்டு, மருத்துவக் குழுவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாயில் வெள்ளை படர்ந்திருக்கிறதே என்று பூஞ்சை மருந்தையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்; அந்த வகையில் சில, வின்கிரிஸ்டினோடு சேர்ந்தால் நரம்புப் பாதிப்பை மோசமாக்கும்.

இனி வீட்டில் நடக்கும் காரியங்கள். இந்தக் கட்டத்தில் புதிய சொத்தை எங்கிருந்து வருகிறது என்று பெற்றோரை விசாரித்தால் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குப் பிறகு நடப்பவற்றில்தான் விடை இருக்கிறது. மாத்திரை கசக்கிறது என்று ஜாமிலோ தேனிலோ கருப்பட்டிப் பாகிலோ குழைத்து ஊட்டுகிறார்கள். நுரையீரல் தொற்று வராமலிருக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப் இனிப்பாக இருக்கிறது. வாய்ப் பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் திரவத்திலும் சர்க்கரை உண்டு. இவையெல்லாம் உள்ளே போனதும் பிள்ளை அப்படியே தூங்கிவிடுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் சர்க்கரை விடிய விடியப் பல்லிலேயே நிற்கிறது. இதோடு, ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் பிள்ளைக்கு அடங்காத பசி வரும். நள்ளிரவில் எழுந்து பிஸ்கட்டும் சிப்ஸும் கேட்டு அழும்போது கொடுக்காமல் இருக்க எந்தத் தாயாலும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. கொடுப்பதை மாற்றிக்கொள்ளலாம்: இட்லி, அவித்த முட்டை, நன்றாக வெந்த பருப்புச் சோறு. எதைக் கொடுத்தாலும் தண்ணீர் குடிக்க வைத்து, ஈரத் துணியால் பல்லைத் துடைத்துவிட்டால் போதும். பிரஷ் செய்வதற்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சீனியைவிடப் பல்லுக்கு நல்லவை என்று நம் பக்கத்தில் உறுதியாக நம்புகிறார்கள். சொத்தைக் கிருமிக்கு அவையும் சர்க்கரைதான். மாத்திரையைப் பொடிப்பதாக இருந்தால், அது செல்லைக் கொல்லும் மருந்து என்பதால், எப்படிப் பொடிப்பது என்று மருத்துவமனை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சமையலறை உரலில் இடிக்க வேண்டாம்.

ஈறில் இரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. நிறுத்தினால் படலம் சேர்ந்து, ஈறு வீங்கி, இரத்தம் இன்னும் கூடுதலாக வரும். மிக மென்மையான குழந்தைகள் பிரஷ், ஃபுளோரைடு உள்ள பற்பசை பட்டாணி அளவு, நாளைக்கு இரண்டு முறை. இதைப் புற்றுநோய் மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாளைத் தவிர எந்த நாளும் விட வேண்டாம். பஞ்சு சுற்றிய குச்சி பிரஷ்ஷுக்கு ஈடாகாது. உமிக்கரியும் வேப்பங்குச்சியும் இந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேண்டாம்; அவை கிழிக்கும் சின்னக் கீறலே இப்போது பெரிய விஷயம். ஆட்டம் கொடுக்கும் பால் பல்லில் ஆச்சி நூல் கட்டி இழுக்கவும் கூடாது, தானாக விழட்டும். வாய்ப்புண்ணுக்கு உரைமருந்து இழைத்துத் தடவலாமா என்று கேட்பார்கள். மருந்தின் குணத்தைப் பற்றி நான் பேசவில்லை. பல கை பட்ட உரைகல்லை யாரும் கொதிக்க வைத்துப் பார்த்ததில்லை என்பதுதான் என் கவலை. மணத்தக்காளிக் கீரையை நன்றாக வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாய்ப்புண் பற்றி மேலும் சில வார்த்தைகள் போதும். வாயின் உட்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் தோல். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அந்தப் புதுப்பித்தலையும் தடுப்பதால் புண் வருகிறது. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் தொடங்கி, கவுண்ட் ஏறும்போது ஆறத் தொடங்கும். காய்ச்சி ஆறவைத்த நீரில் சிறிது உப்பும் சமையல் சோடாவும் கலந்து, துப்பத் தெரிந்த பிள்ளை கொப்பளிக்கலாம். துப்பத் தெரியாத பிள்ளைக்குத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், ஹைட்ரஜன் பெராக்சைடு, எலுமிச்சைச் சாறு, கிராம்பு எண்ணெய் எதுவும் புண்ணில் படக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: நிலைத்த பற்கள் எப்படி வரும்? பல் என்பது முளைக்கும் வயதில் உருவாவதல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே தாடைக்குள் மொட்டாக இருந்து, வெளியே தெரியும் பகுதியான கிரீடம் முதலிலும் வேர் பின்னாலும் வளர்ந்து வருவது. சிகிச்சை நடந்த வயதில் எந்தப் பல் எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையில்தான் அதற்குப் பாதிப்பு நேரும். உங்கள் மகளுக்குச் சிகிச்சை தொடங்கிய வயதில், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைத்த கடைவாய்ப் பற்களின் கிரீடம் ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கும்; ஒன்பது, பத்து வயது வரை வளரும் அவற்றின் வேர்தான் குட்டையாகவோ ஊசிபோலக் கூம்பியோ நிற்கலாம். கீழ் முன்பற்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். இரண்டு வயதையொட்டித் தொடங்கி ஏழு வயது வரை கிரீடம் உருவாகும் முன்கடைவாய்ப் பற்களும், பன்னிரண்டு வயதில் முளைக்கும் இரண்டாம் கடைவாய்ப் பற்களும் தான் அவளுடைய வயதில் நேரடியாக மருந்துக்கு எதிரே நின்றவை. அவை சிறுத்துப்போகலாம், எனாமலில் பள்ளமோ வெண்திட்டோ விழலாம், சில சமயம் ஒன்றிரண்டு உருவாகாமலே போகலாம்.

"லாம்" என்று நான் எழுதுவது ஆறுதலுக்காக அல்ல. ஐந்து வயதுக்கு முன் சிகிச்சை பெற்றவர்கள், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளை மிகுந்த அளவில் பெற்றவர்கள், தலையிலோ தாடையிலோ கதிர்வீச்சு பெற்றவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கே பாதிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது. கீமோ மட்டும் பெற்ற பல பிள்ளைகளுக்கு முன்னால் சிரிக்கும்போது எந்த வேறுபாடும் தெரிவதில்லை. எக்ஸ்ரேயில் வேர் சற்றுக் குட்டையாக இருப்பது மட்டுமே தெரியும். தாடையில் கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினமானது. உமிழ்நீர்ச் சுரப்பி வறண்டு சொத்தை வேகமாகப் பரவும். வாய் திறக்கும் அளவு சுருங்கும். தாடையே ஒரு பக்கம் வளராமல் போகலாம். பின்னாளில் அந்த இடத்தில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் மடியும் ஆபத்து வாழ்நாள் முழுவதும் உண்டு. உங்கள் மகள் கதிர்வீச்சு பெற்றிருக்கிறாளா என்பதைச் சிகிச்சைச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இந்த வகை இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலைக் கதிர்வீச்சு இல்லாமலே சிகிச்சை முடிகிறது.

நோய் இப்போதுதான் தெரியவந்து, சிகிச்சை இன்னும் தொடங்காத பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வரி: முடிந்தால் முதல் மருந்துக்கு முன்பே ஒரு பல் மருத்துவர் வாயைப் பார்த்துவிட வேண்டும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அது ஆறப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். இரத்தப் புற்றுநோயில் அவ்வளவு அவகாசம் பெரும்பாலும் கிடைக்காது. பல்லுக்காகக் கீமோவைத் தாமதப்படுத்துவதா என்பது புற்றுநோய் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு, பல் மருத்துவர் எடுக்க வேண்டியதல்ல.

சிகிச்சை முடிந்த பிறகு ஆறு மாதத்திற்கொருமுறை பல்லைக் காட்டி ஃபுளோரைடு வார்னிஷ் தடவிக்கொள்ளுங்கள். ஆறு வயதுக் கடைவாய்ப் பற்கள் முழுதாக வெளியே வந்ததும் அவற்றின் பள்ளங்களை அடைத்துவிட வேண்டும். தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் எந்தப் பல் மொட்டு இருக்கிறது, எது இல்லை, வேர்கள் எவ்வளவு நீளம் என்பது தெரியும். கம்பி கட்டிப் பல் வரிசையைச் சீராக்க விரும்பினால், சிகிச்சை முடிந்து நோய் திரும்பாமல் இரண்டு ஆண்டுகளாவது ஆன பிறகு தொடங்குவதே பொதுவான வழக்கம்; குட்டை வேர் உள்ள பல்லை வேகமாக இழுத்தால் வேர் இன்னும் கரையும் என்பதால் மெல்லிய விசையில் நிதானமாகத்தான் நகர்த்த வேண்டும். அன்றைக்கு அவளுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்கும். எதிரே உட்காரும் பல் மருத்துவருக்கு நான்கு வயதில் நடந்தது எதுவும் தெரியாது. ஆகவே நோயின் பெயர், தொடங்கிய தேதி, கொடுத்த மருந்துகளின் பட்டியலும் மொத்த அளவும், கதிர்வீச்சு இருந்தால் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எல்லாம் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தைத் திருவனந்தபுரத்தில் எழுதி வாங்கி, நகல் எடுத்து, ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். இப்போதைக்கு, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "பல் எடுக்கலாம், இந்தத் தேதிக்குள், கவுண்ட் இவ்வளவுக்குக் குறையாமல், இந்த ஆன்டிபயாட்டிக் வேண்டும் அல்லது வேண்டாம், மார்பில் மருந்து செலுத்தும் போர்ட் இருக்கிறது அல்லது இல்லை" என்று புற்றுநோய் மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் வாங்கி வாருங்கள். அந்தக் கடிதத்தோடும் இரண்டு நாளுக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளோடும் போனால், தொட மாட்டேன் என்று அனுப்பிய அதே மருத்துவர்கூட இந்தப் பல்லை எடுத்துத் தருவதற்கு வாய்ப்பு அதிகம். அப்போதும் தயங்கினால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம்.